வசதி என்பது உறைவிடம்: திருவனந்தபுரத்தில் கல்லூரிக் கால்பந்தின் ஆள்சேர்ப்பு

கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் இரண்டு விளையாட்டரங்குகள் உள்ளன. ஒன்று, திருவனந்தபுரம் நகரின் நடுவே பாளையத்தில் உள்ள பல்கலைக்கழக விளையாட்டரங்கம். மற்றொன்று, காரியவட்டம் வளாகத்தைச் சேர்ந்த சுமார் 37 ஏக்கர் நிலத்தில் 2015ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுகளுக்காக எழுப்பப்பட்ட பேரரங்கம். நல்ல மைதானம் நல்ல ஆட்டக்காரரை ஈர்க்கும் என்பது உண்மையானால், 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இந்நிறுவனமே கேரளக் கல்லூரிக் கால்பந்தின் தலைமையிடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பையைப் பலமுறை வென்று பெயர் நாட்டியது 1968இல் பிறந்த கோழிக்கோடு பல்கலைக்கழகம். கட்டடத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் இடையே உள்ளதாக நாம் கருதும் உறவு எவ்வளவு உறுதியானது என்னும் கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது.

அந்த உறவு மிக வெளிப்படையாகத் தெரிந்த இடம் அமெரிக்கா. அங்குக் கல்லூரிகள் ஆடும் ‘ஃபுட்பால்’ நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அதற்கெனக் கான்கிரீட் அரங்கம் ஒன்றை 1903லேயே கட்டியது. கல்லூரி வீரருக்கு ஊதியம் தரலாகாது என்ற விதி ஒருபுறமும், ஆட்டத்தால் குவியும் பெருவருவாய் மறுபுறமும் இருந்தமையால், வீரரின் கையில் தர இயலாத பணம் அவர் காலடியில் கட்டடமாக எழுந்தது. ஆரிகன் பல்கலைக்கழகம் 2013இல் திறந்த பயிற்சி மாளிகையும், கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் சுமார் 5.5 கோடி டாலர் செலவில் திறந்த வளாகமும் இதற்குப் பெயர்போன சான்றுகள். கிளெம்சன் வளாகத்தில் சறுக்குப்பலகையும் சிறு கோல்ஃப் திடலும்கூட உண்டு. பதினேழு வயது மாணவன் ஒருநாள் சுற்றிப்பார்க்க வரும்போது அவன் மனம் கவரப்பட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். 2021இல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்றானது. 2025இல் ஒரு நீதிமன்ற உடன்பாடு, பல்கலைக்கழகங்களே வருவாயில் நேரடிப் பங்கு தர வழிவகுத்தது. ஊதியத்துக்கு வழி திறந்த பிறகு, கட்டடத்தின் தனி ஈர்ப்பு பழைய அளவில் நீடிக்க வேண்டிய தேவையில்லை. அதாவது, அங்கே மாளிகை என்பது மறைமுக ஊதியமாக இருந்தது.

திருவனந்தபுரத்தின் வரலாறு வேறு வகையானது. 1866இல் நிறுவப்பட்டு, பின்னர் யூனிவர்சிட்டி கல்லூரி எனப் பெயர்பெற்ற அன்றைய மகாராஜா கல்லூரியின் வேதியியல் ஆசிரியர் ஒருவரே 1890ஆம் ஆண்டளவில் இந்நகர இளைஞர்களுக்குக் கால்பந்தைக் கற்பித்தார் என்பது கேரளக் கால்பந்து வரலாறுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வகையில் கல்லூரியே இவ்வாட்டத்தின் தொட்டில். ஆயினும் தொட்டிலில் வளர்ந்த பிள்ளை அங்கேயே தங்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக் இந்திய அணியில் இடம்பெற்ற திருவல்லா பாப்பன் ஆடிப் புகழ்பெற்றது பம்பாயின் டாடா அணியில். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆட்டத்தோடு வேலையும் கிடைத்தது. திருவிதாங்கூரில் ஆட்டம் மட்டுமே இருந்தது. பின்னாளில் தலைநகரிலேயே டைட்டானியம் தொழிற்சாலையும் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியும் தத்தமக்கென அணிகளை வளர்த்தபோதுதான் ஆட்டக்காரர்கள் வெளியேறாமல் நிற்பதற்கு ஒரு காரணம் தோன்றியது.

இந்நிலையை நிறுவன வடிவில் மாற்ற முனைந்தவர் கர்னல் கோதவர்ம ராஜா என்னும் ஜி.வி. ராஜா (1908–1971). 1954இல் திருவிதாங்கூர்-கொச்சியில் உருவாகிப் பின்னர் கேரள விளையாட்டுக் கவுன்சிலாக வளர்ந்த அமைப்புக்கு அடித்தளமிட்டவர் அவரே. அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 13 இன்று கேரளத்தின் விளையாட்டு நாள். அவர் பெயரால் தலைநகருக்கு அருகே மயிலத்தில் அமைந்த விளையாட்டுப் பள்ளியும், கவுன்சில் பல்வேறு கல்லூரிகளில் நடத்திவரும் விளையாட்டு விடுதிகளும், கட்டடத்தைவிட ஆளை முன்வைத்த ஏற்பாடுகள். தேர்வு முகாமில் வென்ற மாணவருக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சியாளர், கல்லூரிச் சேர்க்கை ஆகிய நான்கும் ஒன்றாகக் கிடைத்தன. கேரளத்தில் ‘ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்’ என்ற சொல் வெறும் கட்டடத்தைக் குறிப்பதன்று. ‘ஹாஸ்டலில் கிடைத்தது’ என்றால் ‘ஆட்டக்காரனாக ஏற்கப்பட்டான்’ என்றே பொருள்.

இதனுடன் இணைந்து இயங்குவது விளையாட்டு ஒதுக்கீடு. ஒவ்வொரு கல்லூரியிலும் குறிப்பிட்ட இடங்கள் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. மாவட்டம், மாநிலம், தேசியம் என ஏறிச் செல்லும் சான்றிதழ்களின் படிநிலைக்கேற்ப விண்ணப்பதாரர்கள் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். இம்முறையில் கல்லூரி மாணவரைத் தேடிச் செல்வதைவிட மாணவரே கல்லூரியைத் தேடி வருவது மிகுதி. வருபவர் கேட்பவை எளியவை: விடுதி உண்டா, மூன்று வேளையும் உணவு உண்டா, காலையும் மாலையும் பந்தோடு இறங்க ஒரு தரை உண்டா, அங்கு ஆடியவர்களுக்கு வேலை கிடைத்ததா? பார்வையாளர் மாடத்தில் எத்தனை இருக்கைகள் என்பது இப்பட்டியலில் இல்லை.

மற்ற நகரங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1973 டிசம்பரில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில். அணித்தலைவர் மணி அடித்த மூன்று கோல்களால் ரயில்வே அணி 3-2 எனத் தோற்றது. ஒரு தலைமுறையின் கனவைத் தீர்மானித்த அந்த ஆட்டம் நடந்த இடம் ஒரு கல்லூரியின் திடல். மலபாரின் ‘செவன்ஸ்’ ஆட்டங்களுக்கோ அந்த அளவுகூட வேண்டியிருக்கவில்லை. அறுவடை முடிந்த வயலும் மரத்தால் கட்டிய தற்காலிக மாடங்களும் போதுமாக இருந்தன. கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு வாய்த்த பெரும் வளம் அதைச் சூழ்ந்த இந்த ஆட்டப் பண்பாடே.

தலைநகரின் பெருமிதக் காலம் 1984இல் கேரளக் காவல்துறை தன் கால்பந்து அணியை அமைத்தபோது தொடங்கியது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி முதலியோர் அடங்கிய அந்த அணி 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. திருச்சூர் அரங்கில் சோடா விற்ற சிறுவன் விஜயன், பதினெட்டு வயதளவில் காவல்துறைக்கு வந்தவர். எந்தக் கல்லூரியும் அவரைச் சேர்க்கவில்லை. சேர்த்தது ஒரு சீருடை. காவல்துறைக்குத் தலைநகரில் சந்திரசேகரன் நாயர் அரங்கம் இருந்தது உண்மை. ஆயினும் வறுமையில் வளர்ந்த இளைஞரை அங்கே இழுத்தது அரங்கத்தின் புல்வெளி அன்று, மாதச் சம்பளம். கல்லூரிக் கால்பந்து இங்கு இறுதி இலக்காக ஒருபோதும் இருந்ததில்லை. அது வேலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு தங்கல்.

இப்பின்னணியில் காரியவட்டம் அரங்கைப் பார்க்கலாம். பல்கலைக்கழக நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, தனியார் நிறுவனம் கட்டி, 15 ஆண்டுகள் இயக்கி, பின் ஒப்படைக்கும் முறையில் அது எழுந்தது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியா அங்கே ஆப்கானிஸ்தானை 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய இருபது ஓவர் போட்டி நடந்து, அரங்கம் கிரிக்கெட்டின் முகவரியானது. பாளையம் அரங்கின் கதையும் ஏறத்தாழ இதுவே: 1984லும் 1988லும் அங்கு நடந்த ஒருநாள் கிரிக்கெட் போட்டிகளே வெளியூரார் நினைவில் நின்றன. பேரரங்கம் என்பது பராமரிப்புக்காக வருவாயைத் தேடும் கட்டடம். வருவாய் எங்கே உள்ளதோ அந்த ஆட்டத்தின் பக்கம் அது சாய்வது இயல்பு. நாள்தோறும் பயிற்சி செய்யும் மாணவருக்கு வேண்டியது அதுவன்று. அதே காரியவட்டத்தில் 1985இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி, வகுப்பறையும் விடுதியும் பயிற்சித் தரையும் ஒரே வளாகத்தில் அமைந்தால் என்னவாகும் என்பதற்கு அருகிலேயே நிற்கும் எடுத்துக்காட்டு.

நகரின் உண்மையான ஆட்ட வளம் கடற்கரையில் உள்ளது. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் என்னும் மீனவச் சிற்றூர் சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்கள் பலரை அளித்தது. எல்லைக்கு இப்பால், திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த தூத்தூர் வட்டாரக் கிராமங்களிலும் இதே மரபு உண்டு. அங்கெல்லாம் மைதானம் என்பது கடல் விட்டுவைத்த மணல். கடலரிப்பு ஆண்டுதோறும் அதைக் குறைத்துவருகிறது. அவ்வுயர்மறைமாவட்டம் கடலோரச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய லிட்டில் ஃபிளவர் கால்பந்துப் பயிற்சியகம், அவர்களைத் தங்கவைத்துப் பள்ளிக்கும் அனுப்பிப் பயிற்றுவிக்கிறது. ஜி.வி. ராஜா காலத்துப் பாடத்தையே அது மீண்டும் கற்றுக்கொண்டுள்ளது.

எனினும் இம்முழு ஏற்பாட்டின் கடைசிப் படியான வேலை இன்று ஆட்டம் கண்டுள்ளது. 2017 ஏப்ரலில் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்ததும், தலைநகரின் பழம்பெரும் கால்பந்து முகவரி ஒன்று மறைந்தது. அதே ஆண்டில் இந்திய ஆட்டக்காரர் சி.கே. வினீத், போதிய வருகைப்பதிவு இல்லை என்ற காரணத்தால் திருவனந்தபுரம் கணக்காயர் அலுவலகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்; பின்னர் மாநில அரசு அவருக்கு வேலை வழங்கியது. விளையாட்டுக்காகக் கிடைத்த வேலையை, விளையாடியதாலேயே இழந்த முரண் இது. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி சந்திரசேகரன் நாயர் அரங்கைத் தன் களமாக்கிக்கொண்டது. ஒப்பந்த ஊதியம் அரசு வேலையின் இடத்தை நிரப்புமா என்பதைப் பொறுத்தே இனிக் கல்லூரி விடுதிகளுக்கு வருவோரின் எண்ணிக்கை அமையும்.

‘வசதி’ என்ற சொல்லின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. வடமொழியில் ‘வஸதி’ என்றால் உறைவிடம், தங்குமிடம். தமிழில் அப்பொருள் பின்தங்கி, ‘சௌகரியம்’ என்ற பொருள் முன்னின்றது. விளையாட்டு வசதி என்றதும் நம் திட்ட அறிக்கைகள் அரங்கத்தையும் ஒளிவிளக்குக் கோபுரத்தையும் எண்ணுகின்றன. கடற்கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் பையோடு கல்லூரி வாயிலில் வந்து நின்ற மாணவர்களோ அச்சொல்லை அதன் மூலப்பொருளில் புரிந்துகொண்டிருந்தார்கள். காரியவட்டத்துக்கோ பாளையத்துக்கோ அடுத்த திட்டம் வகுக்கப்படும்போது முதலில் எழுத வேண்டிய எண் இருக்கைகளுடையதன்று, விடுதிக் கட்டில்களுடையது.