உப்பு கூட்ஸும் பன்னிரண்டு படமும்

போன மாசம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர் அகஸ்தியம்பள்ளி ஸ்டேஷனைப் பார்த்துட்டு, "இந்த ஊருக்கு எதுக்குங்க ரயில்?" என்று கேட்டார். தமிழ்நாட்டு உப்புல தூத்துக்குடிக்கு அடுத்தது எங்க வேதாரண்யம். அந்த உப்பை ஏத்திக்கிட்டுப் போன ரயில் இது என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஐந்து படங்களைக் காட்டினேன். எல்லாம் கூட்ஸ் வண்டிப் படங்கள், நான் எடுத்தது.

முதல்ல பாதையோட கதை. 1894-ல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் ரயில் விட்டது. அதுக்காகவே நிலவரியோட ரயில்வே செஸ் என்று தனியா வசூல் பண்ணினாங்க. அதாவது விவசாயி கட்டின காசு அதில் இருக்கு. அந்தப் பாதையில் இருக்கிற திருத்துறைப்பூண்டியிலிருந்து 1919-ல் வேதாரண்யத்துக்குக் கிளை வந்தது. கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று வரிசையா ஸ்டேஷன். பிறகு கோடியக்கரை வரைக்கும் நீட்டினாங்க. எல்லாம் மீட்டர் கேஜ்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு உப்பெடுக்க வந்தப்பவும் இந்த ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனா அவங்க 13-ந் தேதி கிளம்பி 28-ந் தேதி வரைக்கும் நடந்தே வந்தாங்க. 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினதும் ராஜாஜியைக் கைது பண்ணினாங்க. அந்த இடத்துல இன்னைக்கு நினைவு ஸ்தூபி இருக்கு.

உப்பளத்துக்கு வேலை வெயில் காலத்துலதான். தை கடைசியில பாத்தி மிதிச்சு, கடல் தண்ணி கட்டி, காய விட்டு வாருவாங்க. ஐப்பசி மழை விழுந்தா எல்லாம் முடிஞ்சுது. எங்க பக்கம் மானாவாரி நிலம். கோடையில வயல்ல வேலை இல்லாதப்ப பாதி ஊர் உப்பளத்துக்குத்தான் போகும். எங்க அத்தையும் போவாங்க. பாத்தியிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து வண்டிக்கு என்று எல்லாம் தலைச்சுமைதான்.

எண்பதுகளோட தொடக்கம். சிங்கப்பூர் போய் வந்த மாமா ஒருத்தர் பழைய அக்ஃபா க்ளிக் த்ரீ கேமராவை எனக்குக் கொடுத்தார். ஒரு ரோலுக்கு 12 படம், அவ்வளவுதான். ஃபிலிம் வாங்குற காசுக்கு ஒரு வாரம் வேலை பார்க்கணும். அதை எடுத்துக்கிட்டு கூட்ஸ் நிக்கிற இடத்துக்கு சைக்கிள்ல போனேன். கரி எஞ்சின், பின்னாடி மூடின வேகன்கள், கடைசியில கார்டு வண்டி. உப்பு பட்டுப்பட்டு வேகன் கதவெல்லாம் துருப்பிடிச்சு, பெயின்ட் உரிஞ்சு கிடக்கும்.

12 படத்துல 8 எஞ்சினுக்கே போச்சு. பக்கவாட்டுல ஒண்ணு, புகையோட ஒண்ணு, சக்கரம் மட்டும் ஒண்ணு. மூட்டை ஏத்திக்கிட்டிருந்த பொம்பளைங்க குறுக்க வந்தாங்க. நான்தான், "கொஞ்சம் தள்ளுங்கக்கா, வண்டி மறைக்குது" என்று சத்தம் போட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே தள்ளி நின்னாங்க. அத்தையும் அதுல இருந்தாங்க. "என்னையும் ஒண்ணு எடுடா தம்பி" என்றாங்க. "ஃபிலிம் தீர்ந்துடும் அத்தை, அடுத்த தடவை" என்றேன்.

அடுத்த தடவை வரவே இல்லை. நான் ரெண்டாவது ரோல் வாங்கவே இல்லை.

பின்னாடி கூட்ஸும் குறைஞ்சுது. மற்ற பாதைகள் அகலப்பாதை ஆக ஆக, எங்க சின்ன வேகன்ல ஏறின உப்பை வழியில இறக்கி மறுபடி பெரிய வேகன்ல ஏத்தணும். லாரின்னா உப்பளத்துக்கே வந்து ஏத்தி, கடை வாசல்ல இறக்கிடும். எந்த வியாபாரி ரயிலுக்குக் காத்திருப்பார்? 2004-ல் அகலப்பாதை ஆக்கப் போறோம் என்று ரயிலை நிறுத்தினாங்க. தண்டவாளத்தைப் பிரிச்சதும் கரையெல்லாம் கருவேலம் முளைச்சுது. ஆடு மேய்ச்சோம். 2018-ல் கஜா புயல் வந்து தென்னையும் மாவும் சாஞ்சப்பவும் அந்தக் கரை அப்படியே கிடந்தது. ஏறக்குறைய 19 வருஷம் கழிச்சு, 2023 ஏப்ரலில்தான் அகஸ்தியம்பள்ளி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. அதுக்கு அப்பால் கோடியக்கரை வரைக்குமான பாதை போனது போனதுதான்.

அத்தை அந்த ரயிலைப் பார்க்க இல்லை. அதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. சாவு வீட்டுல மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். ரேஷன் கார்டுல இருந்த மங்கலான குடும்பப் படத்தைத் தவிர ஒண்ணும் கிடைக்கலை.

நண்பர் ஐந்தாவது படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வேகன் கதவுக்குப் பக்கத்துல, படத்தோட ஓரத்துல, ஒரு கண்ணாடி வளையல் போட்ட கை தெரியும். முகம் வெட்டுப்பட்டுப் போச்சு. அது அத்தை கைதான் என்று எங்க அக்கா அடிச்சுச் சொல்றாங்க. அன்னைக்கு அங்கே பத்துப் பேர் வளையல் போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியலை.

இப்ப லாரியில உப்பு ஏத்துறதைப் பார்த்தா செல்போன்ல படம் எடுக்கிறேன். லாரியை இல்லை. அடுத்த நாள் பிரிண்ட் போட்டு அவங்க கையில கொடுத்துடுறேன்.