ஒரு ஷில்லிங்கில் ஒரு கோடை நாள்



கோடை விடுமுறை நெருங்கியதும் வனபோஜனப் பேச்சு எழுந்துவிடும். எங்கே செல்வது, எதில் செல்வது, புளியோதரை யார் வீட்டிலிருந்து வரும், விரிக்கப் பாய் யார் கொணர்வது என்று கூடிக் கூடிப் பேசுவீர்கள். ஆங்கிலேயர் இதனைப் பிக்னிக் என்பர். அச்சொல் பிரெஞ்சு மொழியினின்று வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தந்து உண்ணும் விருந்து என்றே அதற்குப் பொருள். நம் சிற்றூர்ச் சிறார் ஆளுக்கொரு பிடி அரிசி கொணர்ந்து ஆக்கும் கூட்டாஞ்சோறு இதற்கு மிக அணுக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் செல்வர் சிலர் பிக்னிக் சங்கம் ஒன்று அமைத்தனர். அவர்கள் கூடியதும் உண்டதும் நாடகம் நடித்ததும் கூரையின் கீழேதான். விருந்து மரநிழலுக்கு வந்தது அதன் பின்னரே.

அவ்வாறு வந்தபோது அஃது எத்துணைப் பெரிய ஏற்பாடாயிற்று என்பதை அறிய ஒரு நூல் உண்டு. 1861-இல் இசபெல்லா பீட்டன் என்னும் அம்மையார் இல்லற நிர்வாகம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இருபத்தெட்டே ஆண்டுகள் வாழ்ந்து 1865-இல் மறைந்தவர் அவர். அந்நூலில் 40 பேர் கலந்துகொள்ளும் பிக்னிக்கிற்கு வேண்டியவற்றை எண்ணிக்கையோடு வரைந்திருக்கின்றார். வறுத்த கோழி 4, வாத்து 2, பெருங்கடல் நண்டு 6, வெள்ளரிக்காய் 6, இலைக்கோசு 18 என்று பட்டியல் நீள்கின்றது. சைவ உணவினர் பொறுத்தருள்க! மதுப் புட்டிகளும் சோடாப் புட்டிகளும் டஜன் கணக்கில் வருகின்றன. புட்டி திறக்கும் திருகாணி மூன்று எடுத்துச் செல்ல வேண்டுமாம். ஒன்று தொலையும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் போலும். தண்ணீர் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும், சுமந்து செல்வது வீண் என்கின்றார். காப்பி தயாரிப்பது கடினமாதலால் பிக்னிக்கிற்கு ஏற்றதன்று என்றும் எழுதியுள்ளார். நம் நாட்டவர் பலர் இத்தீர்ப்பை ஒப்பமாட்டார்கள்.

இப்பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. இத்தனையையும் சமைத்துக் கட்டி, வண்டியில் ஏற்றி, இறக்கிப் பரிமாறி, மீண்டும் கழுவி அடுக்கியவர் யாவர்? பணியாளரே. நாற்பதின்மர் ஓய்வு கொள்ள, ஓய்வே இல்லாத வேறு சிலர் உழைத்தனர். அப்பணியாளருக்கும், ஆலையில் நாள் முழுதும் நின்றோருக்கும் ஒரு கோடை நாள் எப்போது வாய்த்தது? வரலாறு கேட்கத்தக்க கேள்வி இது என்பேன்.

விடையின் ஒரு பகுதி, அந்நூலுக்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது. தாமஸ் குக் என்பவர் 1808-இல் டெர்பிஷயரைச் சேர்ந்த மெல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பத்தாம் வயதிலேயே பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குச் சென்றவர். பின்னர் மரவேலை கற்றவர். மது அருந்துதல் ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பதைக் கண்டு மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்தார். 1841 ஜூன் மாதத்தில் ஒரு நாள், மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டர் நகரில் நடைபெறும் மதுவிலக்குக் கூட்டத்திற்கு நடந்து சென்றுகொண்டிருந்தார். அப்பகுதியில் இருப்புப்பாதை அண்மையில்தான் வந்திருந்தது. ‘இப்புதிய வண்டியை நம் இயக்கத்திற்குப் பயன்படுத்தினால் என்ன?’ என்ற எண்ணம் வழியில் உதித்தது. கூட்டத்தில் அதனைச் சொன்னார், கூடியிருந்தோர் வரவேற்றனர். ரெயில்வே நிறுவனமும் தனி வண்டி விட இசைந்தது.

எஞ்சியிருந்த நாட்கள் ஒரு மாதத்திற்கும் குறைவு. போக வரக் கட்டணம் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. மைலுக்கு ஏறக்குறைய அரைப் பென்னிதான். 1841 ஜூலை 5, திங்கட்கிழமை. சுமார் 500 பேர் லெஸ்டரில் கூடினர். பெட்டிகளுக்குக் கூரை இல்லை. வெயிலும் காற்றும் புகைவண்டியின் கரியும் மேலே விழ, வாத்திய இசையோடு லஃப்பரோ என்ற ஊருக்குச் சென்றனர். செல்வர் ஒருவர் தம் பூங்காவைத் திறந்துவிட்டிருந்தார். ஆங்கே தேநீர், கிரிக்கெட், நடனம், மதுவிலக்குச் சொற்பொழிவுகள்! சொற்பொழிவின்போது எத்தனை பேர் கிரிக்கெட் மட்டையை நோக்கியிருந்தனர் என்பது நூல்களில் இல்லை. நான் ஆசிரியனாக இருந்தவனாதலால் ஊகிக்க முடியும்.

அடுத்த மூன்று கோடைகளிலும் மதுவிலக்குச் சங்கத்தாருக்காகவும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறாருக்காகவும் குக் இத்தகைய பயணங்களை அமைத்தார். வருவாய் கருதி நடத்திய முதற் பயணம் 1845-இல் லிவர்ப்பூலுக்குச் சென்றது. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பின்னர் உலகெங்கும் பரவி, 2019 செப்டம்பரில் கடனால் வீழ்ந்தது. அது தனிக்கதை.

குறைந்த கட்டணத்தில் வண்டி கிடைத்துவிட்டது. ஆயினும் வேலையை விட்டு எந்நாளில் ஏறுவது? 1850-இன் ஆலைச் சட்டம், நெசவாலைப் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது. கோடை விடுமுறை நாள் ஒன்று வேண்டுமென்று முயன்றவர் ஜான் லப்பக். இவர் வங்கியாளர், எறும்புகளின் வாழ்வை ஆராய்ந்த அறிஞருமாவார். அவர் முயற்சியால் 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் ஆகஸ்டு மாத முதல் திங்கட்கிழமை விடுமுறையாயிற்று. சட்டம் வங்கிகளைக் குறித்ததே; எனினும் கடைகளும் ஆலைகளும் மெல்ல மெல்ல அந்நாளில் கதவடைத்தன. மக்கள் நன்றியோடும் சற்று நகையாடியும் அதனைப் ‘புனித லப்பக் திருநாள்’ என்றழைத்தனர். ரெயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. கூடையில் ரொட்டியும் கையில் குழந்தையுமாகக் குடும்பங்கள் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் புறப்பட்டன.

அந்நாளுக்குரிய கூலி மட்டும் பல தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கு வழிவகுக்கும் சட்டம் பிரிட்டனில் 1938-இல்தான் வந்தது.