பேழைக்கு வெளியே நின்றவை: விவிலியக் கதைப் படநூல்களைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தைகளுக்கான விவிலியக் கதைப் படநூல்களில் நோவாவின் பேழை அளவுக்கு மீண்டும் மீண்டும் வரையப்பட்டவை மிகச் சிலவே. பல அட்டைகளில் அது உருண்டு திரண்ட சிறு படகு. கூரைக்கு மேலே ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை நீட்டும், யானை சிரிக்கும், பின்னணியில் வானவில் நிற்கும். தொடக்கநூல் (ஆதியாகமம்) 6ஆம் அதிகாரம் சொல்லும் பேழையோ 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் கொண்டது. மூன்று தளங்கள், பக்கவாட்டில் ஒரு கதவு. 7ஆம் அதிகாரத்தில் அந்தக் கதவை அடைப்பவர் நோவா அல்லர், ஆண்டவரே அடைக்கிறார். உள்ளே எட்டுப் பேர், வெளியே உலகம் முழுவதும். படகு சிறுத்துச் சிரிப்புப் பெருத்தபோது கதையிலிருந்து கழன்று போனது இந்தக் கதவுதான்.

இத்தகைய நூலை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மூலக்கதையின் கடினமான இடத்தை அது என்ன செய்திருக்கிறது என்பதையே என இக்கட்டுரை வாதிடுகிறது. எளிய மொழி, கண்ணுக்கினிய வண்ணம், கிழியாத தாள் எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அவை அடுத்த வரிசையில் வர வேண்டியவை.

விவிலியத்தைக் குழந்தைகளுக்காகத் திருத்தும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. ஹாம்பர்க் நகரப் பள்ளித் தலைவர் யோஹான் ஹியூப்னர் 1714இல் வெளியிட்ட கதைத் தொகுப்பு, பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 எனக் கதைகளை வகுத்தது. ஒவ்வொரு கதையின் அடியிலும் கேள்விகள், பயனுள்ள படிப்பினைகள், பக்திச் சிந்தனைகள். கதை முடிந்ததும் நீதியை எடுத்து நீட்டும் இன்றைய நூல்களுக்கு இதுவே முன்னோடிகளுள் ஒன்று. ரூத் பாட்டிக்ஹைமர் 1996இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த மரபை அச்சுக்கலையின் தொடக்கம் முதல் தொடர்ந்து ஆராய்ந்தார். எந்தக் கதையைச் சொல்வது, எதை மறைப்பது, யார்மேல் பழி போடுவது என்பவை காலத்துக்கும் வகுப்புக்கும் சமயப் பிரிவுக்கும் ஏற்ப மாறிவந்ததை அவர் காட்டுகிறார். மாறாத மறை எனக் கருதப்படும் நூல், குழந்தைகளின் கையில் மட்டும் ஓயாமல் மாறியிருக்கிறது. ஆகவே வாங்குபவர் ஒவ்வொரு முறையும் ஒருவருடைய தேர்வை, ஒருவருடைய நீக்கத்தைத்தான் வாங்குகிறார்.

இந்த மாற்றத்துக்கு வெளியே நிற்க முயன்ற இரண்டு நூல்கள் நமக்குப் பாடமாகும். டாரதி லாத்ராப் வரைந்து 1937இல் வந்த விவிலிய விலங்குகள் பற்றிய நூல், 1938இல் அமெரிக்காவின் முதல் கால்டெகாட் விருதைப் பெற்றது. அதன் வாசகத்தை ஹெலன் டீன் ஃபிஷ், கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பிலிருந்து நேரடியாகத் தெரிந்தெடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், அதே விருது பீட்டர் ஸ்பியரின் நோவா நூலுக்குக் கிடைத்தது. அதில் வாசகமே மிகக் குறைவு. தொடக்கத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கவிஞர் யாகோபுஸ் ரேவியுஸின் ஒரு கவிதை. பிறகு ஏறத்தாழ முழுவதும் படங்கள். ஒருவர் மூலத்தை அப்படியே வைத்தார், மற்றவர் சொல்லையே விலக்கினார். இருவரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு: கதையைத் தம் சொந்த உரைநடையில் சொல்லி, அதில் தம் பெயரடைகளைச் சேர்ப்பது. மறுகூறல் நூல்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் அதுதான். ‘அன்பான நோவா’, ‘கெட்ட மக்கள்’ என்று எழுதிவிட்டால், பிறகு குழந்தை யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஸ்பியரின் படங்களிடம் சற்று நிற்க வேண்டும். 1927இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த அவர், இளம் பருவத்தில் குடும்பத்தோடு நாட்சிகளின் தெரேசியென்ஸ்டட் முகாமில் அடைபட்டிருந்தவர். அவருடைய பேழைக்குள் உழைப்பு இருக்கிறது: சாணம் அள்ளுதல், தீவனம் போடுதல், களைத்துப்போன முதியவர். குழந்தைகள் விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்துச் சிரிக்கும் நுணுக்கங்கள் பக்கந்தோறும் நிறைந்துள்ளன. அதே நூலில் இன்னொரு படமும் உண்டு. பேழைக்கு வெளியே விடப்பட்ட விலங்குகள் நிற்கின்றன, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே அலறலும் இல்லை, பிணமும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இவை ஏன் உள்ளே போகவில்லை? தொடக்கநூல் கேட்கவைக்கும் கேள்வியும் அதுவே. அச்சத்தை ஊட்டாமலே இழப்பைக் காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன். கூஸ்தாவ் தோரே 1866ஆம் ஆண்டு விவிலியத்துக்கு வரைந்த வெள்ளப் படத்தில், பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாறைமேல் ஏற்ற முயல்கிறார்கள், உச்சியில் புலி தன் குட்டியோடு இருக்கிறது. மாபெரும் ஓவியம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றதன்று. தோரேயின் பாறைக்கும் அட்டைப் படகின் சிரிப்புக்கும் நடுவே இடம் இருக்கிறது என்பதை ஸ்பியர் மெய்ப்பித்தார்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதம் வலுவானது. மூன்று வயதுக் குழந்தையிடம் உலகம் மூழ்கிய செய்தியைச் சொல்வது கொடுமையில்லையா? கொடுமைதான். அதற்காகக் கதையைப் பொய்யாக்க வேண்டியதில்லை. அந்த வயதுக்கு வேறு கதையைத் தேர்ந்தெடுத்தால் போதும். லூக்கா 15இல் காணாமற்போன ஆட்டைத் தேடிச்செல்லும் மேய்ப்பன் இருக்கிறான், வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடும் பெண் இருக்கிறாள். அவற்றை வெட்டாமலும் இனிப்பு ஏற்றாமலும் அப்படியே சொல்லலாம். வெள்ளக் கதை சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். பொம்மைப் பேழையோடு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் மூலத்தைப் படிக்கும்போது தான் ஏமாற்றப்பட்டதாகவே உணரும். அந்த ஏமாற்றத்துக்கு நாம் பொறுப்பு.

யோனாவின் கதையில் இச்சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மீன் விழுங்கியது, கக்கியது, நினிவே மனந்திரும்பியது என்று பல படநூல்கள் முடித்துவிடுகின்றன. மூலத்தில் அதற்குப் பிறகுதான் 4ஆம் அதிகாரம் வருகிறது. நகரம் பிழைத்ததற்காக இறைவாக்கினர் கோபித்துக்கொண்டு வெளியே உட்காருகிறார். நிழல் தந்த செடி வாடுகிறது. 1,20,000க்கும் மேற்பட்ட மக்களும் ஏராளமான கால்நடைகளும் வாழும் நகருக்காக நான் இரங்கக்கூடாதா என்று கடவுள் கேட்கிறார். நூல் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் பதிவாகவில்லை. இந்த அதிகாரம் நீங்கிய நூலில் எஞ்சுவது, கீழ்ப்படியாத பிள்ளைக்குக் கிடைத்த தண்டனை மட்டுமே. மூலமோ பகைவன்மீதும் இரங்கும் கடவுளைப் பற்றியது. இரண்டும் ஒரே கதை அல்ல.

சாலி லாயிட்-ஜோன்ஸ் எழுதி ஜாகோ வரைந்த 2007ஆம் ஆண்டுக் கதை விவிலியம், எல்லாக் கதைகளையும் இயேசுவை நோக்கியே திருப்புகிறது. தன் நோக்கத்தை அது துணைத்தலைப்பிலேயே அறிவித்துவிடுகிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன். திருச்சபைக் குடும்பத்தில் அதற்கு இடமுண்டு. ஆயினும் யூதர்களும் தம்முடையதாகப் படிக்கும் கதைகள் அவை என்பதால், அதை மட்டுமே ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது போதாது.

முகங்களின் நிறம் பற்றிச் சுருக்கமாக. மேற்காசியக் கதைமாந்தர்க்கு ஐரோப்பிய முகம் வரைந்த காலம் நீண்டது. டெஸ்மண்ட் டூட்டுவின் 2010ஆம் ஆண்டுத் தொகுப்பு பல நாட்டு ஓவியர்களை வரவழைத்து அதை உடைக்க முயன்றது. வரவேற்க வேண்டிய முயற்சி. மத்தேயு எண்ணிக்கை சொல்லாத ஞானிகளை மூவராக்குவது, பாரசீகர் ஆட்சிக் காலத்துக்குள் முதுமை எய்தியிருக்க வேண்டிய தானியேலைச் சிங்கக் குகையில் இளைஞனாக வரைவது போன்ற பிழைகள் சிறியவை. அவற்றுக்காக ஒரு நல்ல நூலை ஒதுக்க வேண்டாம்.

தமிழில் ஞாயிறு பள்ளிக்கும் பங்கு நூலகத்துக்கும் வீட்டுக்கும் நூல் வாங்குவோரிடம் என் வேண்டுகோள் இது. கடையில் நின்றபடியே இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள்: பேழையின் கதவு அடைபடும் பக்கம், யோனா கதையின் கடைசிப் பக்கம். வெளியே நின்றவர்களுக்கு முதலாவதில் இடம் இருக்கிறதா, இரண்டாவதில் கேள்வி கேள்வியாகவே நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத நூல் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் வாங்காதீர்கள்.