கற்பிட்டிப் பிரிவு

கற்பிட்டிப் பிரிவு பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் இருந்த நிர்வாக அலகுகளுள் ஒன்று. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே வடக்கு நோக்கி நீளும் மணல் தீபகற்பம். குறிஞ்சிப்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, தலவில முதலிய ஊர்கள் இதில் அடங்கும். தீபகற்பத்தின் முனைக்கு அப்பால் பத்தலங்குண்டு போன்ற மீனவர் தீவுகள் உள்ளன. இன்று இப்பகுதி கற்பிட்டிப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது.

கண்டி அரசின் இந்திய வணிகத்துக்குப் புத்தளமே வாசல். அந்த வாசலைக் காவல் காக்கும் இடம் களப்பின் வாயில் உள்ள கற்பிட்டி. 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைப் பிடித்த ஒல்லாந்தர், 1667 தொடங்கி 1676க்குள் பவளப்பாறைக் கற்களால் கோட்டை எழுப்பினர். கோட்டை வாயிலுக்கு மேலே தேவாலய மணிக்கூண்டின் சாயலில் ஒரு முகப்பு நிற்கிறது. கண்டி மன்னன் தேவாலயம் கட்டவே அனுமதி தந்தான், அதனால்தான் இந்த வேடம் என்று ஊரில் சொல்வார்கள். கோட்டை 1795 நவம்பரில் ஆங்கிலேயர் வசமானது.

1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது புத்தளம் மேல் மாகாணத்தில் இருந்தது. 1845இல் வடமேல் மாகாணம் உருவாகியபோது புத்தளமே அதன் தலைநகரம். அந்தப் பெருமை நீடிக்கவில்லை. 1856இல் மாகாண நிர்வாக அலுவலகமான கச்சேரி குருநாகலுக்குப் போக, புத்தளம் உதவி அரசாங்க அதிபர் ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. கடல் வணிகத்தை நம்பி வளர்ந்த துறைமுகம் தோட்டப் பொருளாதாரக் காலத்தில் ஓரமாகிப்போனதற்கு இந்த இடமாற்றமே நல்ல சான்று.

இப்பகுதியைப் பற்றிய விவரங்களை எழுதிவைத்தவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர் என்பது பிரிவின் அதிர்ஷ்டம். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி புத்தளத்தில் மணியகாரராக (உள்ளூர் நிர்வாகத் தலைவராக)ப் பணியாற்றினார். இலங்கையின் ஊர்கள், சாதிகள், தொழில்களை அகரவரிசையில் தொகுத்து 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ நூலை வெளியிட்டார். இங்கு வாழும் முக்குவர் சமூகத்தின் வரலாற்றையும் வழக்கங்களையும் தனியே எழுதினார். பின்னர் சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றார். அதிகாரிகளின் அறிக்கைகளில் வரித்தொகையாக மட்டுமே தென்படும் மக்கள், இவர் எழுத்தில் சடங்கும் தொழிலும் உடைய மனிதர்களாக வருகிறார்கள்.

தீபகற்பத்தின் மக்கள்தொகை கடல்வழியே சேர்ந்தது. சோனகர், முக்குவர், கரையார், செட்டிகள் எனப் பல சமூகத்தவர் இங்கே குடியேறினர். இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். தமிழே பொதுமொழியாக இருந்து வந்துள்ளது. மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வந்து கரையில் வாடி எனப்படும் தற்காலிகக் குடில்களைப் போட்டுத் தங்குவார்கள். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் ஊர் திரும்புவார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் காலத்திலோ தீபகற்பம் யாத்திரிகர்களால் நிறைந்துவிடும்.

இலங்கையின் முதல் குடிமதிப்பு 1871இல் நடந்தது. அன்றைய புத்தளம் மாவட்டத்தின் எண்ணிக்கையை இன்றையதோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். அன்று சிலாபம் தனி மாவட்டம். குடிசனம் மிகுந்ததும் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அது புத்தளத்துடன் இணைக்கப்பட்டதும், சிங்களம் பேசும் கத்தோலிக்க, பௌத்த ஊர்கள் பல ஒரே கணக்கில் சேர்ந்தன. 1981இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 4,92,533, 2012இல் 7,62,396. இதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர், ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். கற்பிட்டியின் முகம் இந்த மாவட்டச் சராசரிக்குள் தெரிவதில்லை. சிலாபக் கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பள்ளிக்கூட மொழி மாறியதோடு சிங்களத்துக்கு மாறியதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

1963இல் ஊர்த்தலைவர்களான விதானைமாரின் முறை ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் பதவி வந்தது. ஆனால் தீபகற்பத்தைப் பெரிதும் மாற்றியது நிர்வாகச் சீர்திருத்தமல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். மன்னார்க் கரையிலிருந்து படகேறிய குடும்பங்கள் கற்பிட்டியில் இறங்கின. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓலைக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் பின்னர் நிரந்தரக் குடியிருப்புகளாயின. நிலம், குடிநீர், பள்ளிக்கூட இடங்கள் ஆகியவற்றில் நெருக்கடி ஏற்பட்டது. வந்தவர்களில் பலர் வாக்காளர் இடாப்பில் மன்னார்க்காரராகவே நீடித்து, புத்தளத்தில் அமைக்கப்பட்ட சிறப்பு வாக்குச்சாவடிகளில் பல தேர்தல்களில் வாக்களித்தனர்.