மௌத்துக்குப் பின் எழுதப்படும் ஏடு

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகிறவர் கொக்குவிலைக் கடந்ததும் இணுவில் வந்துவிடும். சைவமும் தமிழும் தழைத்த ஊர். தவில், நாதசுரக் கலைஞர்களால் பேர் பெற்ற ஊர். 1898 இல் அமெரிக்க மிஷன் அமைத்த மக்லியொட் மருத்துவமனையும் இங்கேதான். நகரத்துச் சோனகத் தெரு இங்கிருந்து சில மைல் தூரம். இரண்டு ஊர்களும் ஒரே தமிழைப் பேசின. ஒரே பதிவாளர் நாயகத்தின் அதிகாரத்துக்குள் இருந்தன. ஆனால் ஒருவர் கண்ணை மூடியதும் அவரது வீடும் வளவும் யாருக்கு என்ற கேள்விக்கு இரண்டு ஊர்களிலும் வெவ்வேறு சட்டங்கள் பதில் சொல்லின. அந்த வரலாற்றை எமது வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

இணுவிலின் சட்டம் தேசவழமை. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி யாழ்ப்பாணத் திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களை எழுதித் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அந்த ஏட்டை 12 முதலிமார் படித்துச் சரிபார்த்து ஒப்பமிட்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூன்றாக வகுத்தது அது. பழைய வழக்கில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. 1911 இலும் 1947 இலும் வந்த சட்டங்கள் இவ்வழக்கைப் பெரிதும் மாற்றின. கணவன் மனைவியரில் எஞ்சியிருப்பவருக்குத் தேடியதேட்டத்திலுள்ள உரிமை அவற்றில் வரையறுக்கப்பட்டது.

சோனகத் தெருவின் வரலாறும் அதே 1806 ஆம் ஆண்டைத் தொடுகிறது. கொழும்பு மாகாணத்துச் சோனகருக்காக அவ்வாண்டு ஒரு முகம்மதியச் சட்டத் தொகுப்பு வெளியிடப்பட்டது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. பழைய தொகுப்பின் குறைகளை உணர்ந்து 1931 இல் முஸ்லிம்களின் மரணசாசனமில்லா வழியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அதன்படியே பங்கு என்பது அதன் சாரம். எம்மிற் பெரும்பாலோருக்கு அது ஷாபிஈ மத்ஹப்.

இங்கே பலர் கவனியாத ஒரு முடிச்சு உண்டு. சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வசிய்யத் செய்யலாகாது என்பது ஷரீஅத். ஆனால் 1844 ஆம் ஆண்டின் மரணசாசனச் சட்டம் எவரும் தம் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு எழுதிவைக்க இடமளித்தது. இலங்கை நீதிமன்றங்களில் முஸ்லிமின் மரணசாசனத்துக்கும் அதுவே விதி. ஆகவே ஒரு பத்திரம் நாட்டுச் சட்டத்தில் செல்லுபடியாகி, மார்க்கத்தில் வாரிசின் ஹக்கைப் பறித்ததாகவும் இருக்கக் கூடும். எழுதுகிறவர் இதை அறிந்தே எழுத வேண்டும்.

இன்னொரு முடிச்சு காணி பற்றியது. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் ஆட்சட்டம் மட்டுமன்று. காணி விடயத்தில் அது வடமாகாணத்தின் இடச்சட்டமுமாகும். கூட்டுரிமையாளர் தம் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை 1947 இல் தனிச் சட்டமாயிற்று. வாப்பாவின் வீட்டை ஷரீஅத்தின்படி பங்கிட்ட சோனகர், தம் பங்கை விற்கும்போது இணுவிலாருடைய தேசவழமைக்குக் கட்டுப்பட்டார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண்ணை விட்டு மௌத்தாகிறார். அடக்கச் செலவு, கடன், வசிய்யத் போக எஞ்சியதை 40 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5, மகன்மாருக்குத் தலா 14, மகளுக்கு 7. தாயும் மௌத்தாகி, அந்த மூன்று பிள்ளைகளே அவருக்கும் வாரிசாக இருந்தால் அவரது ஐந்தும் 2, 2, 1 எனப் பிரியும். அப்போது மகன்மாருக்கு 16, 16, மகளுக்கு 8. ஒரு தலைமுறையில் இது விரலில் எண்ணும் கணக்கு. பங்கு எழுதப்படாமல் அடுத்த தலைமுறையும் மறைந்தால் ஒரு சிறு வளவுக்கு இருபது முப்பது உரித்தாளர் உண்டாகிவிடுவர்.

எழுதுவதற்கோ ஒழுங்கு வகுக்கப்பட்டே இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவு இங்கே 1867 இல் தொடங்கியது. ஜனாஸா ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இணுவிலில் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். மரணத்தை அறிவிக்க இருவருக்கும் சட்டம் தரும் தவணை ஐந்து நாள். மரண அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தபின், சட்ட வரம்புக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள சொத்தாயின் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டுமென்பது 1840 முதலான விதி. பின்னர் காணிப் பதிவகத்தில் பதிவு.

இந்த ஒழுங்கை உடைத்தது போர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். வடக்கு முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பலருக்கு உறுதிகளைத் தேடியெடுக்கவும் நேரமிருக்கவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இரவோடிரவாக நடந்தனர். இணுவிலும் வெறிச்சோடியது. அவர்களிற் பெரும்பாலோர் 1996 இல் திரும்பி வந்தனர். எம்மவர் புத்தளத்திலேயே முதியோரை அடக்கம் செய்தனர். உடைமை வடக்கில், கபுறு வடமேற்கில், வாரிசுகள் திசைக்கொருவர்.

1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி பத்து ஆண்டு எதிரிடையாக, தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். 1990 உடன் பத்தைக் கூட்டினால் வருவது 2000. அந்த ஆண்டில் எம்மிற் பெரும்பாலோர் அகதி முகாம்களில் இருந்தனர். ஆயுதக் குழுக்களால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்கிட அது தந்த அவகாசம் இரண்டே ஆண்டு. மரண அத்தாட்சியும் வாரிசுப் பட்டியலும் கையில் இல்லாதவருக்கு அந்த இரண்டு ஆண்டால் என்ன பயன்?

உடலே கிடைக்காதவர்களின் வீடுகளில் துயரம் இன்னும் ஆழமானது. ஏழு ஆண்டு செய்தியில்லையெனில் இறந்தவராக ஊகிக்கலாம் என்றது பழைய சாட்சியச் சட்டம். 2010 இல் வந்த தற்காலிகச் சட்டம், போரில் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கும் மரணப் பதிவை அனுமதித்தது. அதைக் கையேற்பது மகனின் மரணத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று பல தாய்மார் மறுத்தனர். 2016 இல் காணப்படாமைச் சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டது இதற்காகவே. மரணத்தைச் சொல்லாமலே குடும்ப அலுவல்களைத் தொடர அது வழி செய்தது. இந்தக் காத்திருப்பில் தமிழ்த் தாய், முஸ்லிம் தாய் என்ற பேதமில்லை.

கத்தம் ஓதவும் கந்தூரி கொடுக்கவும் நாம் ஒன்றுகூடுகிறோம். அதே கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து வாரிசுகளின் பெயரை முறைப்படி எழுதிக்கொள்ள நாழிகை பிடிக்காது. பெண்மக்களின் பெயர் முதலில் எழுதப்படட்டும். எழுதாவிடில் முதலில் மறக்கப்படுவது அவர்களின் பங்குதான்.