சாக்கடை அடைப்பும் சுழலும் கம்பியும்

வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் மரவேர் புகுந்து அடைத்துக்கொண்டால் அந்தக் கால அமெரிக்காவில் என்ன செய்வார்கள் தெரியுமா? பெரும்பாலும் மண்ணைத் தோண்டிக் குழாயையே வெளியே எடுப்பார்கள். செலவும் அதிகம், தோட்டமும் பாழ்.

அயோவா மாநிலம் டி மொயின் நகரில் இருந்த சாமுவேல் பிளாங்க், தன் மகன் வீட்டுக் குழாய் அடைத்தபோது வேறு வழி யோசித்தார். சலவை இயந்திர மோட்டார், ரோலர் ஸ்கேட் சக்கரங்கள், நீண்ட எஃகுக் கம்பி, அதன் முனையில் வேரை அறுக்கும் கத்தி. இவ்வளவுதான் சரக்கு! 1933-ல் இயந்திரம் தயார். 'ரோட்டோ ரூட்டர்' என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி.

வணிகவியல் படிக்கும் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அது பெருமந்தக் காலம். பிளாங்க் 250 டாலருக்கு இயந்திரத்தை விற்றார். வேலையில்லாமல் இருந்தவர்கள் அதை வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கினார்கள்.

ஆனால் மண்வெட்டிக்கு இல்லாத ஆபத்து ஒன்று இதற்கு உண்டு. கத்தி வேரில் சிக்கி நின்றாலும் மோட்டார் நிற்காது. கம்பி முறுக்கேறித் துள்ளி, பிடித்திருக்கும் கையையே சுற்றிக்கொள்ளும். துணிக் கையுறை போட்டால் அதுவும் சேர்ந்து சிக்கும். அதனால்தான் தோல் கையுறை வேண்டும். இயந்திரத்தைக் குழாய் வாய்க்கு அருகில் வைக்க வேண்டும். காலை எடுத்ததும் நிற்கும் மிதி சுவிட்ச் அவசியம். ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் மின்கசிவுப் பாதுகாப்பும் தேவை. அமிலம் ஊற்றிய குழாயில் கம்பியை விடவே கூடாது.

தோண்டும் பாடு போய்விட்டது, சரிதான். மோட்டாரை எப்போது நிறுத்துவது என்பது மட்டும் இன்னும் மனிதன் கையில், இல்லை, காலில்தான் இருக்கிறது!