எருக்குழியும் நகரசபை வண்டியும்

சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ் பேசும் குடியானவரும் தெலுங்கு பேசும் குடியானவரும் அடுத்தடுத்த வரப்பில் நின்று பயிர் செய்கிறவர்கள். ஒருவர் எரு என்பதை மற்றவர் எருவு என்கிறார். தமிழ்க் குடியானவரைப் பார்த்து, “இந்த வருஷம் கழனிக்கு எத்தனை வண்டி குப்பை அடித்தீர்கள்?” என்று கேட்டால் அவர் முகம் சுளிக்கமாட்டார், குப்பை என்பது அவருக்கு, வீட்டில் சேர்த்து, வெயிலிலும் மழையிலும் மக்க வைத்து, ஆடிக்கு முன் நிலத்தில் இறைக்கும் செல்வம். அதே சொல்லைத் திருப்பதிக் கடைவீதியில் சொன்னால், மூக்கைப் பொத்திக்கொண்டு விலக வேண்டிய அசுத்தம் என்றே பொருள்படும். ஒரு நல்ல சொல்லுக்கு இந்தத் தாழ்வு எவ்வாறு நேர்ந்தது என்பது விசாரிக்கத்தக்க விஷயம்.

1911-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று, வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலூகாக்களைப் பிரித்தெடுத்து அமைத்தது சித்தூர் ஜில்லா. 1953-இல் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணி இதைவிட்டுச் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதியே தனி ஜில்லாவாயிற்று. எல்லைக்கோடுகள் இப்படி இடம் மாறியபோதிலும் நிலத்தின் சுபாவம் மாறவில்லை. பெரும்பாலும் செம்மண், நீரையும் சத்தையும் நெடுநாள் தாங்காத மண், சுவர்ணமுகியும் பொன்னையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிறவையாதலால், ஏரியையும் கிணற்றையும் நம்பிய மண். இத்தகைய நிலத்தில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைவித்தவர்கள், ஏரி வண்டலை வாரியும், ஆட்டுக்கிடை கட்டியும், புங்கந்தழையையும் ஆவாரந்தழையையும் சேற்றில் மிதித்தும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொல்லைப்புறத்தில் ஒரு குழியைக் காத்தும் ஜீவனம் செய்தார்கள்.

அந்தக் குழியின் முறை ஏட்டில் எழுதாத சாஸ்திரம். அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் முதலில் கழுநீர்ப் பானைக்குப் போய், பசுவின் வயிற்றிலேயே பாதி எருவாகிவிடும். பசு தின்னாதவை, அதாவது சாப்பிட்டெடுத்த தையல் இலை, வாசல் பெருக்கிய சருகு, முருங்கைக்காய்ச் சக்கை, அடுப்புச் சாம்பல், தொழுவத்தில் கோமியம் ஊறிய வைக்கோல் ஆகியவை குழிக்குப் போகும். மார்கழிக் கோலத்தின் நடுவில் பூசணிப்பூச் சூடி அமர்ந்த சாணிப் பிள்ளையாரும், தெலுங்கு வீட்டு வாசலில் அமர்ந்த கொப்பெம்மாவும் வறட்டியாகி, அடுப்பில் எரிந்து, சாம்பலாய் அங்கேயே வந்து சேர்வதுண்டு.

பங்குனி கடந்து வெயில் ஏறும்போது குழியை வெட்டித் திறப்பார்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த சருகு. மண்வெட்டி அதைத் தாண்டி இறங்கியதும், இலை இது, தோல் இது என்று பிரித்தறிய முடியாத கரிய பொருள், கையில் பிடித்தால் உதிரியாகவும் லேசான ஈரமாகவும், முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு வெளிப்படும். மாங்கொட்டையும் தேங்காய் நாரும் மட்டும் தங்கள் உருவத்தை விடாமல் கிடக்கும். வெள்ளைப் புழுக்களுக்காகக் கோழிகள் வெட்டுகிறவரின் காலையே சுற்றிவரும். நாற்றம் எடுத்தால் இன்னும் பக்குவமாகவில்லை என்று மறுபடி மூடிவிடுவார்கள். வேறு பரீக்ஷை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கழிந்ததையும் மதிக்கும் இந்த மனப்பான்மைக்கும் திருமலைக்கும் உறவு உண்டு. புஷ்ப மண்டபம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் அந்த மலையில், ஸ்ரீராமானுஜரின் ஆக்ஞையைச் சிரமேற்கொண்டு அனந்தாழ்வான் நந்தவனம் அமைத்ததையும், ஏரி வெட்டியதையும், அவருடையதென்று போற்றப்படும் கடப்பாரை இன்றும் மகாத்வாரத்தில் தொங்குவதையும் யாத்ரிகர் பலர் அறிவார்கள். சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளைப் பக்தர்களுக்குக் கொடாமல், தெலுங்கில் பூலபாவி எனப்படும் பூங்கிணற்றில் இடுவதே அங்கே வெகுகால வழக்கம். வாடிய பூவும் காலில் மிதிபடலாகாது என்ற எண்ணமே அதில் அடங்கியிருக்கிறது. அந்த மரியாதையில் ஒரு சிறு பங்கு, நமக்கு அன்னம் தாங்கிய எச்சில் இலைக்கும் உரியது என்பது என் துணிபு.

வீட்டையும் வயலையும் பிரித்தது நகரசபை வண்டி. திருப்பதி 1886-இலும் சித்தூர் 1917-இலும் நகரசபைகளாயின. வாந்திபேதிக்கு ஊர்கள் நடுங்கிய காலம் அது. யாத்ரிகர் திரள்திரளாக வந்துபோகும் க்ஷேத்திரத்தில் தெருவைச் சுத்தமாக வைக்க அதிகாரிகள் முனைந்ததைக் குறைகூறுவது நியாயமன்று. ஆனால் வாசலுக்கு வண்டி வரத் தொடங்கியதும், நம் வீட்டுக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது என்ற விசாரமே வீட்டாருக்கு அற்றுப்போயிற்று. அதைச் சுமக்கும் வேலையோ, பிறப்பைக் காரணம் காட்டிச் சில ஜாதியார் தலையிலேயே கட்டப்பட்டது. நாம் தொட அருவருத்ததை அவர்கள் கூடையில் சுமந்தார்கள். நாம் அவர்களையும் தொட மறுத்தோம். நகர சுகாதாரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர் இந்த அநீதியைச் சொல்லாமல் மேலே செல்லலாகாது.

பழைய குழியின் நியாயத்தை நவீன விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதும் நம் தேசத்தில்தான். இந்தோரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் சருகு, சாணி, சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, காற்றுப் படும்படி அவ்வப்போது புரட்டிவந்தால் மூன்று மாதத்தில் எரு பக்குவப்படும் என்று நிரூபித்து, 1931-இல் அதை நூலாக வெளியிட்டார்கள். புரட்ட ஆளும் அவகாசமும் இல்லாத நகரங்களுக்கென்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வேறொரு முறையை வகுத்தார்: அகழியில் தெருக்குப்பையையும் மலக்கழிவையும் மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே மண் பூசி மூடி, ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுவது. யுத்தகாலத்து உணவு நெருக்கடியில் நகரசபைகள் பல இந்தப் பெங்களூர் முறையைக் கைக்கொண்டன. 1947 டிசம்பரில் காந்தியடிகளின் சிஷ்யை மீராபென் முயற்சியால் டில்லியில் அகில இந்திய கம்போஸ்ட் மகாநாடு கூடிற்று. பிரிவினையின் ரத்தம் உலராத அந்த நாட்களிலும், தம் ஆயுளின் கடைசி வாரங்களில், காந்தியடிகள் அதைப் பற்றி ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனிகிறது.

பின்னர் நடந்ததை விரைவில் சொல்லிவிடலாம். 1951-இல் சிந்திரி ரசாயன உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. மூட்டையில் வந்த உப்புரம், வண்டிக் குப்பையைவிடத் தூக்க எளிதாக இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் கலந்த நகரக் குப்பையைக் கழனியில் கொட்ட எந்தக் குடியானவர் சம்மதிப்பார்? வாங்குவாரில்லாத குப்பை ஊர்ப்புறத்தில் மேடாயிற்று. குப்பை உயர்ந்து கோபுரம் தாழும் என்ற பழமொழி, கோபுரங்களின் ஊரிலேயே கண்முன் நிற்கலாயிற்று.

இப்போது மீண்டும் திருப்பம் தெரிகிறது. 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகள் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லின. ஆந்திரத்தில் 2021 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று தொட்டிகள் வீடுதோறும் வரலாயின. திருப்பதி மாநகராட்சிக்குத் தூகிவாக்கத்தில் கழிவைப் பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் 2021 முதல் கோயில்களில் கழிந்த மலர்களைக்கொண்டு ஊதுவத்தி செய்விக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் ஈரக்குப்பையை லாரியில் ஏற்றிப் பல மைல் கொண்டுபோவதைவிட, பிறந்த வீட்டிலேயே மக்க வைப்பதுதான் சிலாக்கியமானது.

அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பக்கங்களில் துளையிட்ட மண்பானை ஒன்றில் நான் முதலில் காய்கறித் தோலை மட்டும் இட்டுவந்தேன். மூன்றாம் நாளே நீர் கட்டி நாறிற்று. ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு சருகு இட்டு, ஒரு பிடி பழைய எருவையும் தூவி, வாரத்துக்கு ஒருமுறை குச்சியால் கிளறத் தொடங்கிய பின் நாற்றம் அடங்கிற்று. இரண்டு மாதம் கழித்துச் சலித்தபோது, கொல்லைக்குழியில் கண்ட அதே கருமையும் அதே மண்வாசனையும் பானையிலும் இருந்தன. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்காகக் கலந்து கறிவேப்பிலைக்கு இட்டேன்.

சித்தூரிலும் திருப்பதியிலும் குடித்தனம் செய்கிறவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: கொல்லையுள்ளவர்கள் ஒரு குழி வெட்டுங்கள், மாடி மட்டும் உள்ளவர்கள் ஒரு பானை வையுங்கள், இரண்டும் இயலாதவர்கள், ஈரக்குப்பைக்கான பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக் உறை ஒன்றையும் போடாதிருங்கள். அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியவர், விடியற்காலையில் உங்கள் வாசலுக்கு வருகிற அந்தத் தொழிலாளிதான்.